விக்கா, வீவிங்கா? வாசகர் கேள்வி பதில்

முடி பற்றிய கடிதங்கள் இந்த முறை ஒரு கட்டாகச் சேர்ந்துவிட்டன. சுற்றிச் சுற்றி எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: விக் வாங்குவதா, வீவிங் செய்வதா? அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்திருக்கிறேன். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருந்தீர்கள், ஊர் மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி: அக்கா, எனக்கு 41 வயது. மார்பகப் புற்றுநோய்க்கு ஒபரேஷன் முடிந்து அடுத்த மாதம் கீமோ தொடங்குகிறது. முடி கொட்டும் என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். கனடாவில் இருக்கிற என் தங்கச்சி, "விக் வைத்தால் நாடகக்காரி மாதிரி இருக்கும், இப்போதே வீவிங் செய்துகொள், சொந்த முடி போலவே இருக்கும்" என்கிறாள். ஆவணியில் மகளுக்குச் சாமத்தியச் சடங்கு வைத்திருக்கிறோம். என்ன செய்யட்டும்? (உவர்மலை)

பதில்: வீவிங் வேண்டாம். தங்கச்சி அன்பில்தான் சொல்கிறார், ஆனால் அது முடி நன்றாக இருக்கிற தலைக்குச் சொல்லும் யோசனை. வீவிங்கில் உங்கள் சொந்த முடியைத் தலையோடு ஒட்டினாற்போல வரிசை வரிசையாக இறுக்கிப் பின்னி, அந்தப் பின்னல்களின் மேல் நீளமுடியை ஊசிநூலால் தைப்பார்கள். பாரம் முழுவதும் உங்கள் முடி வேரில்தான் தொங்கும். கீமோவில் முடி கொட்டுவதென்றால் பெரும்பாலும் முதல் மருந்து ஏறி 2, 3 கிழமையில் தொடங்கிவிடும், அந்த நேரம் தலைத்தோலே தொட்டால் நோகும், சிலருக்குத் தலையணையில் சாய்க்கவே முடியாது. அப்படிப்பட்ட தலையில் இறுக்கித் தைத்த முடிக்கட்டு இருந்தால் அது வேரோடு கழன்று ஒரு பக்கமாகத் தொங்கும், கழற்றப் போனால் சிக்குப் பட்ட சொந்த முடியையும் சேர்த்து வெட்ட வேண்டிவரும். அதைவிடப் பெரிய விடயம், கீமோ காலத்தில் இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறையும். ஊசி கீறிய சின்னக் காயத்தில்கூடக் கிருமி பிடித்துவிடலாம். ஆகவே உங்களுக்கு விக்தான், அதையும் முடி கொட்ட முன்னமே வாங்குங்கள்.

நாடகக்காரி மாதிரி என்று தங்கச்சி சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, ஆனால் அது விக்கின் குற்றம் அல்ல, தெரிவு செய்வதில் வரும் பிழை. நம் ஆட்கள் கடைக்குப் போனால் நல்ல கறுப்பாக, அடர்த்தியாக, இடுப்பு வரை நீளமாக இருப்பதைத்தான் தூக்குவார்கள். 41 வயதில் யாருக்கு அப்படி முடி இருக்கிறது? விக் நிறங்களுக்கு இலக்கம் உண்டு. 1 என்றால் மைக்கறுப்பு, 1பி என்றால் அதைவிடக் கொஞ்சம் தணிந்த இயற்கைக் கறுப்பு. பெரும்பாலும் நம்முடைய முடிக்கு 1பிதான் ஒத்துவரும். இப்போதே உங்கள் முடியில் ஒரு சின்னக் கற்றையை வெட்டி நூலால் கட்டி வையுங்கள், பகல் வெளிச்சத்தில் முன்னும் பக்கமும் பின்னும் ஃபோட்டோ எடுத்து வையுங்கள். கடையில் அந்தக் கற்றையை விக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துத் தெரிவு செய்யலாம். நீளம் தோள் வரை போதும்.

அடுத்தது உச்சி பிரிக்கிற இடம். மலிவான விக்கில் அந்த இடத்தைப் பிரித்துப் பார்த்தால் தையல் வரிசைகள் தெரியும். மோனோ என்று சொல்லும் மெல்லிய வலையில் முடியை ஒவ்வொன்றாக முடிச்சுப் போட்டிருந்தால் அடியில் உங்கள் தலைத்தோலின் நிறமே தெரியும், வகிடு இயற்கையாக இருக்கும். முன்பக்கம் லேஸ் வைத்த விக் நெற்றி ஓரத்தை அழகாகக் காட்டும், ஆனால் சிலதற்குப் பசை வேண்டும், கீமோ தோலுக்குப் பசை கூடாது. நெற்றியில் கொஞ்சம் முடி விழுகிற மாதிரி வெட்டிய விக் எடுத்தால் லேஸே தேவைப்படாது. அளவு எடுக்கும்போது நாடாவை நெற்றி முடிவரம்பில் தொடங்கி, காதுக்குப் பின்னால் கொண்டுபோய், பிடரியைச் சுற்றி எடுங்கள், பெண்களுக்குப் பெரும்பாலும் 21 முதல் 23 அங்குலத்துக்குள் வரும். முடி கொட்டியதும் தலைச் சுற்றளவு கொஞ்சம் குறையும், அதனால் பிடரியில் இறுக்கும் பட்டி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். உள்ளே ஒரு பருத்தித் தொப்பி போட்டால் உறுத்தாது, வியர்வையையும் அது உறிஞ்சிக்கொள்ளும்.

சடங்கு நாள் பற்றி. ஆவணியில் கச்சான் காற்று அடங்கியிருக்காது, மண்டபத்துக்குள் ஆட்களின் வெக்கை வேறு. காலையில் இருந்து இரவு வரை விக்கோடு நிற்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். ஆலாத்தி எடுக்கும் நேரமும் ஃபோட்டோ எடுக்கும் நேரமும் விக், மற்ற நேரம் சேலைக்குப் பொருத்தமான பருத்தித் துணியைத் தலையில் கட்டிக்கொள்ளுங்கள். செயற்கை இழை விக் என்றால் குத்துவிளக்கு ஏற்றவும் கற்பூரத் தட்டுக்கு மேலே குனிந்து கண்ணில் ஒற்றவும் போக வேண்டாம், முன்முடி ஒரு நொடியில் உருகிச் சுருண்டுவிடும். பிள்ளைக்கு முன்பே சொல்லி வையுங்கள், அம்மாவின் தலையைத் திடீரென்று மொட்டையாகப் பார்த்தால் பயப்படும். இயலுமென்றால் கொட்டத் தொடங்க முன் நீங்களே முடியைக் கட்டையாக வெட்டிவிடுங்கள், நீளமுடி கொத்தாகக் கையில் வருவதைப் பார்க்கிற வேதனை கொஞ்சம் குறையும். வெட்டிய முடியை எறியவும் வேண்டாம். ஒரு முழு விக் செய்ய ஒருவரின் முடி காணாது, ஆனால் பருத்தித் தொப்பியின் ஓரத்தில் சுற்றிவரத் தைத்து, மேலே துணியைக் கட்டினால் துணிக்குக் கீழே உங்கள் சொந்த முடியே எட்டிப் பார்க்கும்.

காசு பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் சொல்கிறேன். மகரகமவோ தெல்லிப்பழையோ மட்டக்களப்போ, எங்கே மருந்து ஏற்றப் போகிறீர்களோ அங்கே வார்ட்டில் தாதிமாரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். தானமாக வந்த முடியில் விக் செய்து நோயாளிகளுக்குக் கொடுக்கிற தொண்டு முயற்சிகள் நாட்டில் இருக்கின்றன. கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. மருந்து முடிந்து சில கிழமைகளில் பூனைமுடி மாதிரி முளைக்கத் தொடங்கும், பிறகு மாதத்துக்கு 1 சென்டிமீற்றர் கணக்கில் வளரும். சிலருக்கு முதலில் சுருளாக வரும், பயப்பட வேண்டாம்.

கேள்வி: நான் ஹோட்டலில் ரிசெப்ஷனில் வேலை செய்கிறேன், 27 வயது. முடி கொட்டுவதில்லை, ஆனால் மெல்லிசு, தோள் வரைதான். தை மாதம் கலியாணம். எங்கள் ஹோட்டலுக்கு வந்த ஒரு பெண் வீவிங் செய்திருந்தார், அவ்வளவு அழகு. நானும் செய்தால் கலியாணத்துக்கும் ஆகும், அதற்குப் பிறகும் இருக்கும் அல்லவா? (நிலாவெளி)

பதில்: நீங்கள் பார்த்தது அழகாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அந்த முறை எந்த முடிக்காக வந்தது என்பதைப் பாருங்கள். தைத்துப் போடும் வீவிங், அமெரிக்காவில் கறுப்பினப் பெண்களின் முடியை நன்றாக அறிந்த ஒரு பெண் செய்த வேலை. கிறிஸ்டினா ஜென்கின்ஸ் என்ற சிகையலங்காரக் கலைஞர் 1950களின் தொடக்கத்தில் அதற்குக் காப்புரிமை எடுத்தார். நெருக்கமான சுருள் முடியைத் தலையோடு சேர்த்துப் பின்னினால் அப்படியே பிடித்து நிற்கும், அந்தப் பின்னல்மேல் எதைத் தைத்தாலும் தாங்கும். நம்முடைய முடி பெரும்பாலும் நேரானது, வழுக்கும், எண்ணெய் வைத்து வளர்ந்த முடி இன்னும் வழுக்கும். அது நழுவாமல் இருக்க, செய்பவர் கூடுதலாக இறுக்குவார். அந்த இறுக்கத்தில்தான் கேடு தொடங்குகிறது.

இழுவையால் முடி போவது புதிதாகக் கண்டுபிடித்த வருத்தம் இல்லை. முடியை இறுக்கிக் கட்டுகிற கிரீன்லாந்துப் பெண்களின் நெற்றி ஓரத்தில் முடி போயிருப்பதை 1907ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். முதலில் காதுக்கு முன்னால் இருக்கிற மெல்லிய முடியும் நெற்றி ஓரமும்தான் போகும். பின்னலுக்குப் பக்கத்தில் தோலை உற்றுப் பார்த்தால் முடி வெளியே வரும் துளை ஒவ்வொன்றும் கூடாரம் மாதிரிக் கூம்பி நிற்கும், சிவந்த சின்னப் பருக்கள், அவற்றின் நுனியில் வெள்ளைப் புள்ளி. அது தெரிந்தால் அன்றைக்கே அவிழ்க்க வேண்டும். "இரண்டு நாள் நோகும், பனடோல் போட்டால் சரி" என்று சில பியூட்டி பாலர்களில் சொல்வார்கள், அதை ஏற்காதீர்கள். படுத்தால் நோகிறது, புருவத்தை உயர்த்த முடியவில்லை என்றால் இறுக்கம் கூடிவிட்டது. ஆரம்பத்தில் விட்டுவிட்டால் முடி திரும்ப வரும், வருடக்கணக்கில் இழுபட்டால் வேரே செத்துவிடும், பிறகு எந்த எண்ணெயாலும் வராது.

இன்னொன்று நம் ஊர்ச் சுவாத்தியம். வீவிங் ஒன்றைப் பொதுவாக 6 முதல் 8 கிழமை வரை வைத்திருப்பார்கள். அத்தனை நாளும் வெள்ளிக்கிழமை எண்ணெய் வைத்து முழுகுவதை மறந்துவிட வேண்டும். தைத்த வரிசைகளுக்கு இடையில் ஷம்பூவைக் கரைத்து ஊற்றிக் கழுவலாம், ஆனால் அடியில் இருக்கிற பின்னல் காய மணிக்கணக்கில் ஆகும். உங்கள் கலியாணம் தையில், அதற்கு முந்திய ஐப்பசி, கார்த்திகை, மார்கழி முழுக்க மழையும் ஈரமும். காயாத பின்னலில் பொடுகும் நாற்றமும் அரிப்பும் வரும், நகத்தால் சொறிந்தால் புண் வரும். நிலாவெளியில் இருந்துகொண்டு கடலில் இறங்காமலும் இருக்க மாட்டீர்கள், உப்பு உள்ளே தங்கும்.

ஆகவே உங்கள் முடிக்குக் கிளிப் முடி போதும். அதே மாதிரி வரிசைகள்தான், அடியில் சின்னக் கிளிப்புகள் தைத்திருக்கும். காலையில் பூட்டலாம், இரவில் கழற்றலாம். பொம்பிளை அலங்காரத்துக்குப் பின்னலும் பூவும் சடைநாகமும் வைக்கத்தான் போகிறார்கள், அதற்கு அடியில் எது இருக்கிறது என்று யாருக்குத் தெரியப்போகிறது? எல்லாம் கேட்ட பிறகும் வீவிங்தான் வேண்டும் என்றால் கலியாணத்துக்குச் சில நாள் முன்பு செய்யுங்கள், நெற்றி ஓரத்து முடியைப் பின்னலுக்குள் எடுக்க விடாதீர்கள், பசை போட்டு ஒட்டுகிற வகை வேண்டவே வேண்டாம், 6 கிழமை முடிந்ததும் செய்தவரிடமே போய் அவிழுங்கள். அவிழ்க்கிற நாள் நிறைய முடி உதிரும், அதில் பெரும்பகுதி அத்தனை நாளும் இயல்பாக உதிர்ந்து பின்னலுக்குள் சிக்கிக் கிடந்த முடி.

கேள்வி: அக்கா, அரங்கேற்றத்துக்கு மகளுக்கு வீவிங் செய்யலாமா? முடி கழுத்து வரைதான். (மத்திய வீதி)

பதில்: தேவையே இல்லை. நல்ல சவுரி ஒன்றும் வலைக்கொண்டையும் நிறையக் கொண்டை ஊசியும் போதும். சவுரியின் பாரம் சொந்த முடியில் மட்டும் தொங்காமல், முதலில் ஒரு சின்னக் கொண்டை போட்டு அதில் கட்டச் சொல்லுங்கள். ஆட்டம் முடிந்த கையோடு அவிழ்த்துவிடுங்கள்.

கேள்வி: எனக்கு 33 வயது, உச்சியில் முடி இல்லை. பொம்பிளை பார்க்கிறார்கள். கொழும்பில் ஓரிடத்தில் ஹெயார் வீவிங் செய்தால் நிரந்தரம் என்கிறார்கள். மோட்டார் சைக்கிளில்தான் வேலைக்குப் போய் வருகிறேன். செய்யட்டுமா? (சீனக்குடா)

பதில்: தம்பி, நிரந்தரம் என்ற சொல்லை நம்பிக் காசு கட்ட வேண்டாம். ஆண்களுக்குச் செய்கிற வீவிங்கில், வலையில் முடி பதித்த ஒரு துண்டை வெறும் இடத்தின் மேல் வைத்து, சுற்றிவர இருக்கிற உங்கள் சொந்த முடியோடு நூலால் இறுக்கிக் கட்டுவார்கள். சொந்த முடி வளர வளர அந்தக் கட்டு தலையை விட்டு எழும்பும். 4 முதல் 6 கிழமைக்கு ஒருமுறை போய் இறுக்கிக் கட்ட வேண்டும், ஒவ்வொரு முறையும் காசு. கொழும்பில் செய்துவிட்டு மாதா மாதம் இராத்திரி பஸ்ஸில் போய் வரப் போகிறீர்களா? அதோடு கட்டு விழுகிற ஓரத்து முடியும் இழுபட்டு மெல்ல மெல்லப் பின்வாங்கும், வெறும் இடம் இன்னும் பெருக்கும். ஹெல்மட்டுக்குள் வியர்வை வேறு, கட்டிவிட்ட துண்டுக்கு அடியில் விரல் விட்டுக் கழுவவும் முடியாது.

உங்கள் வேலைக்குக் கிளிப்பில் பூட்டுகிற துண்டுதான் சரி. அதுவும் விக்கின் சின்ன வடிவம்தான். வேலைக்குப் போகும்போது கழற்றிப் பையில் வைத்துவிட்டு ஹெல்மட் போடுங்கள், இரவில் கழற்றித் தலையைக் கழுவிவிட்டுப் படுங்கள். இதற்கெல்லாம் முன்னால் ஒரு தோல் வைத்திய நிபுணரைப் பார்த்தீர்களா? உங்கள் வயதில் மினொக்சிடில் போன்ற பூச்சு மருந்து சிலருக்கு நல்ல பலன் தரும், ஆனால் 4 முதல் 6 மாதம் பொறுமையாகப் பூச வேண்டும், நிறுத்தினால் கிடைத்த பலன் திரும்பப் போய்விடும், அதையும் தெரிந்துகொண்டு தொடங்குங்கள்.

பொம்பிளை பற்றி நான் நினைப்பதை மறைக்காமல் சொல்கிறேன். எது வைத்தாலும் கலியாணத்துக்கு முன் அந்தப் பிள்ளையிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். தலையில் முடி இல்லை என்று எந்தப் பெண்ணும் உடைந்துபோக மாட்டாள், மறைத்துவிட்டார்கள் என்று தெரிந்தால்தான் மனம் விடும். பேசாமல் கட்டையாக வெட்டிவிட்டுத் தாடியை ஒழுங்காக வைத்தாலே நிறையப் பேருக்கு எடுப்பாக இருக்கிறது, அதையும் ஒருமுறை செய்து பாருங்கள்.

கேள்வி: பிள்ளை பிறந்து 4 மாதம். சீப்பு வைத்தால் கொத்துக் கொத்தாக முடி வருகிறது, முன்பக்கம் தோல் தெரிகிறது. வீவிங் செய்து மறைக்கலாமா? மார்க்கத்தில் கூடுமா என்பதும் யோசனையாக இருக்கிறது. (கிண்ணியா)

பதில்: முதலில் மனதை ஆறுதல்படுத்துங்கள், இது பிள்ளை பெற்ற நிறையத் தாய்மாருக்கு வருவது. கர்ப்ப காலத்தில் உதிராமல் நின்ற முடி எல்லாம் பிரசவத்துக்கு 2, 3 மாதத்துக்குப் பிறகு சேர்ந்து உதிர்கிறது. பெரும்பாலும் பிள்ளைக்கு ஒரு வயதாக முன்னமே முடி பழைய நிலைக்கு வந்துவிடும். இந்த நேரம் வீவிங் செய்தால், இப்போதுதான் முளைத்து வரும் புதுமுடியையும் சேர்த்து இழுத்துப் பிடுங்கிவிடும். குறையவில்லை என்றால் இரும்புச் சத்தையும் தைரொயிட்டையும் இரத்தத்தில் பார்க்கச் சொல்லுங்கள்.

மார்க்கத் தீர்ப்புச் சொல்வது என் வேலை இல்லை. முடியோடு முடியைச் சேர்ப்பதைத் தடுக்கிற ஹதீஸ் இருப்பது உங்களுக்கே தெரிந்திருக்கும், செயற்கை முடி பற்றியும் நோயால் முடி இழந்தவர்கள் பற்றியும் அறிஞர்களிடையே வேறு வேறு கருத்துகள் உண்டு, அதை உங்கள் ஊர் ஆலிம் ஒருவரிடம் கேளுங்கள். முடி வேலை தெரிந்தவள் என்ற முறையில் ஒன்று சொல்லலாம். தைத்த வீவிங்கைத் தொழுகைக்கு முன் கழுவுகிற வுழூவுக்கும் குளிப்புக்கும் கழற்ற முடியாது, தண்ணீர் தலைத்தோல் வரை சேர்வதும் கஷ்டம். வெளியே போகும்போது எப்படியும் முக்காடு இருக்கிறது, வீட்டில் மென்மையான பருத்தித் துணியும் பெரிய பல் சீப்பும் இருந்தால் இந்தச் சில மாதத்தைக் கடந்துவிடலாம்.

கேள்வி: என் 13 வயது மகளின் தலையில் காசு அளவில் இரண்டு இடத்தில் முடி இல்லை. புழுவெட்டு என்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் இரட்டைப் பின்னல் கட்டாயம், பின்னினால் தெரிகிறது, அழுகிறாள். வீவிங்கோ விக்கோ வைக்கலாமா? (சாம்பல்தீவு)

பதில்: பிள்ளைக்கு வீவிங் கூடாது. பொதுவாகப் புழுவெட்டு என்று சொல்லும் இதில் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே முடி வேரைத் தாக்குகிறது. மற்றப் பிள்ளைகளுக்குத் தொற்றாது, அதைப் பள்ளிக்கூடத்திலும் சொல்லுங்கள். ஆனால் அந்த இடத்தில் செதில், அரிப்பு, உடைந்த முடி இருந்தால் அது பூஞ்சணமாக இருக்கலாம், அது தொற்றும், அதற்கு மருந்து வேறு. ஆகவே தோல் கிளினிக்கில் காட்டாமல் எதையும் முடிவு செய்ய வேண்டாம். மிளகு, உள்ளி என்று எரிகிற பொருட்களை அரைத்துப் பூசாதீர்கள், தோல் வெந்து இன்னும் பெரிய புண்ணாகும். இரண்டு இடம்தான் என்றால் பெரும்பாலும் சில மாதங்களில் தானாகவே முளைக்கும்.

அதுவரைக்கும் தோள் வரை வெட்டி, வகிட்டை மாற்றி, ஒற்றைப் பின்னலாகத் தளர்வாகக் கட்டினாலே மறைந்துவிடும். டொக்டரிடம் ஒரு துண்டு எழுதி வாங்கி அதிபரை நேரில் சந்தித்து இரட்டைப் பின்னலுக்கு விலக்குக் கேளுங்கள். பிள்ளையின் வேதனையைக் கேட்ட பிறகும் பின்னல்தான் முக்கியம் என்று ஓர் அதிபர் சொல்வார் என்று நான் நினைக்கவில்லை, சொன்னால் விடாதீர்கள், வலயக் கல்வி அலுவலகத்துக்கு எழுதுங்கள்.

கேள்வி: லண்டனில் இருந்து மச்சாள் ஒரு விக் அனுப்பியிருக்கிறா, உண்மையான முடி என்கிறா. எப்படித் தெரிந்துகொள்வது? எப்படிப் பராமரிப்பது? (பாலையூற்று)

பதில்: உள்பக்கத்தில் இருந்து ஒரே ஒரு முடியை இழுத்தெடுத்து, ஒரு பீங்கான் தட்டுக்கு மேலே நுனியில் நெருப்பு வையுங்கள். உண்மையான முடி என்றால் பொசுங்கின மணம் வரும், மிஞ்சுவது விரலால் நசித்தால் தூளாகும் சாம்பல். செயற்கை இழை உருகிச் சுருண்டு, நுனியில் கடினமான ஒரு சின்ன மணியாக நிற்கும், பிளாஸ்டிக் மணக்கும். இரண்டும் கலந்தும் விற்கிறார்கள், அதனால் வேறு வேறு இடத்தில் இரண்டு மூன்று முடி எடுத்துப் பாருங்கள்.

உண்மையான முடியிலும் தரம் உண்டு. திருப்பதி போன்ற கோயில்களில் மொட்டை அடித்த முடி வேர் ஒரு பக்கம், நுனி ஒரு பக்கம் என்று ஒழுங்காகக் கிடைக்கும், திருப்பதித் தேவஸ்தானம் அதை ஏலத்தில் விற்கிறது. அந்த ஒழுங்கு கலையாமல் செய்ததை ரெமி என்பார்கள். சீப்பில் உதிர்ந்ததைச் சேர்த்துச் செய்த முடியில் வேரும் நுனியும் கலந்து கிடக்கும், மேல் செதில்கள் ஒன்றோடொன்று மாட்டிச் சிக்குப்படும். அதை மறைக்க மேலே சிலிகோன் பூசுவார்கள். முதல் சில கழுவல் வரை பட்டுப்போல இருந்துவிட்டு, பிறகு தும்பு மாதிரி ஆகிவிட்டால் அந்த வகை என்று புரிந்துகொள்ளுங்கள்.

கழுவுவதற்குக் குழாய்த் தண்ணீர் எடுங்கள். கரையோரக் கிணறுகளில் உப்பும் கல்சியமும் கூட, அது படிந்தால் முடி வரண்டு சொரசொரக்கும். முதலில் நுனியில் இருந்து மேல்நோக்கிச் சிக்கெடுங்கள், குளிர்ந்த தண்ணீரில் கொஞ்சம் ஷம்பூவைக் கரைத்து அதில் தோய்த்து எடுங்கள், கசக்கவோ முறுக்கவோ வேண்டாம், துவாயில் ஒற்றிவிட்டு நிழலில் ஒரு போத்தலின் மேல் கவிழ்த்துக் காயவிடுங்கள். செயற்கை இழை என்றால் ஈரத்தில் சீப்பு வைக்காதீர்கள், குசினியில் சோற்றுப் பானையின் மூடியைத் திறக்கும்போது முகத்தைத் தள்ளி வையுங்கள், அந்த ஆவியே முன்முடியைச் சுருட்டிவிடும். கோணேசர் கோயில் மலைக்குப் போகும்போது காற்று பலமாக இருக்கும், உள்ளே வெல்வெட் பட்டி ஒன்று கட்டிக்கொண்டால் விக் நகராது. தினமும் வைத்தால் செயற்கை விக் 4 முதல் 6 மாதம் தாங்கும், நல்ல முடியில் செய்தது ஒரு வருடம் தாண்டியும் வரும். மச்சாள் அனுப்பியதன் அளவு பொருந்தவில்லை என்றால் வெட்டித் தைக்க முன் பிடரிப் பட்டியை இறுக்கிப் பாருங்கள், பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும்.